ஆவடியில் இருந்து சீனாவைப் பார்த்தல்



சீன மக்களின் அன்றாட வாழ்க்கைக்குள் அரசு எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது, அதை அங்கே போன வெளிநாட்டார் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள். இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் பேசவேண்டியது, அம்பத்தூரில் வந்து பேசுவானேன்?" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. சீனாவைக் கண்ணால் பார்த்தவர்களைத் தமிழ்நாட்டில் தேடுவதாக இருந்தால் நான் முதலில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குத்தான் போவேன். டை அடிப்பவர், பிளாஸ்டிக் மோல்டிங் போடுபவர், சி.என்.சி. மெஷின் வாங்கியவர் என்று அங்கே பலரும் ஒரு முறையாவது குவாங்சோவுக்குப் போய்வந்திருப்பார்கள். கான்டன் கண்காட்சி என்று நாம் சொல்லும் அந்தச் சந்தை 1957இல் தொடங்கி ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எஸ்டேட் டீக்கடைகளில் சொல்லும் கதைகளே என் முதல் ஆதாரம்.

அந்தக் கதைகளுக்கு எப்போதும் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி வியப்பு. "ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு சார். கரண்ட் கட்டுன்னா என்னன்னே தெரியாது. ஒருத்தன் ஃபேக்டரி போடணும்னா கவர்மெண்டே இடத்தைக் காட்டி லைன் இழுத்துக் குடுக்குது. இங்க ஒரு ஷெட்டுக்குப் பர்மிஷன் வாங்கறதுக்குள்ள தலை நரைச்சுடுது." இரண்டாம் பாதி கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும். வாட்ஸ்அப் திறக்கவில்லை, கூகுள் வரவில்லை, வீட்டுக்குப் பேச முடியவில்லை. ஓட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டலில் தங்காமல் தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதியவேண்டும், அது அங்கே சட்டம். முதல் பாதியைச் செய்யும் அரசும் இரண்டாம் பாதியைச் செய்யும் அரசும் ஒன்றுதான் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளிநாட்டில் இருக்கும்போது ஒருவருக்கு அரசு ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது? அவருக்கு அங்கே மாமன் மச்சான் கிடையாது. வார்டு கவுன்சிலரைத் தெரியாது. தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அண்ணன் இல்லை, சங்கத் தலைவர் இல்லை, வக்கீல் இல்லை, ஓட்டும் இல்லை. அவருக்கும் அரசுக்கும் நடுவில் ஆளே இல்லாததால் அரசு நேரே வந்து அவர் மேல் முட்டுகிறது. நம் ஊரிலோ நடுவில் ஒரு கூட்டமே நின்றுகொண்டிருக்கும், அதைத் தாண்டி அரசைப் பார்ப்பதே சிரமம். இன்று நான் பேச விரும்புவது அந்த நடுக்கூட்டத்தைப் பற்றித்தான். ஒரு நாட்டில் அரசு வீட்டுக்குள் வருகிறதா என்று கேட்பதைவிட, வரும்போது வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்பது எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பௌத்த நூல்களைத் தேடி வட இந்தியாவுக்கு வந்த பாஹியானும், ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் தங்கள் பயணக் குறிப்புகளில் ஒரே விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்: இந்த நாட்டில் குடும்பங்களை அரசு பதிவேட்டில் எழுதிவைப்பதில்லை. அரசன் நிலத்தை உழுபவர் பங்கு கொடுக்கிறார், போக நினைப்பவர் போகிறார், இருக்க நினைப்பவர் இருக்கிறார் என்று பாஹியான் வியக்கிறார். கட்டாய உழைப்புக்கு ஆள் பிடிப்பதில்லை என்கிறார் யுவான் சுவாங். குடும்பப் பதிவேடு வைத்திருக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான் அது இல்லாதது கண்ணில் படும். இங்கே பிறந்தவர் எவரும் அதை எழுதிவைக்க நினைத்திருக்க மாட்டார். தங்கள் நாட்டு அரசின் அளவை அவர்கள் நம் நாட்டில் கண்டுகொண்டார்கள் என்றும் சொல்லலாம். யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தவர். பூந்தமல்லி வழியாக வந்தாரா என்று கேட்டுவிடாதீர்கள், உள்ளூர்ப் பெருமைக்கும் ஒரு எல்லை வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து போனவர்களுக்கு வருவோம். மக்கள் சீனம் பிறந்து இரண்டு ஆண்டுக்குள், 1951இல், பண்டித சுந்தர்லால் தலைமையில் இந்தியாவிலிருந்து ஒரு நல்லெண்ணக் குழு அங்கே போனது. அதில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இருந்தார். கிராமப் பொருளாதாரத்தை உயிராக நினைத்த காந்தியர். தாம் கண்டதையும் கற்றதையும் ஒரு சிறு நூலாகவே எழுதினார், அங்கே நடந்த நிலப் பங்கீடு அவரை ஈர்த்தது. அடுத்த ஆண்டு விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன குழுவில் பத்திரிகையாளர் ஃபிராங்க் மொரேஸ் இருந்தார். அவர் எழுதிய நூலின் தொனி வேறு, அச்சம் கலந்தது. ஏறக்குறைய ஒரே காலம், ஏறக்குறைய அதே விருந்தோம்பல், இரண்டு பேருக்கும் வழிகாட்டியை அரசுதான் கொடுத்தது. நிலமில்லாதவன் கண்ணால் பார்த்தவர் ஒருவர், செய்தியாளன் கண்ணால் பார்த்தவர் மற்றவர். இருவரையும் படித்த பிறகு குமரப்பா பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நிலம் கையில் கிடைத்த உழவனின் முகத்தை அவர் பார்த்தது உண்மைதான். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நிலம் கூட்டுப்பண்ணைக்குள் போகும்போது உழவன் யாரிடம் போய் முறையிடுவான் என்ற கேள்வி அந்தப் பயணத் திட்டத்தில் இல்லை.

1954 அக்டோபரில் நேரு போனார். மா சே துங்கையும் சூ என்லாயையும் சந்தித்தார், தொழிற்சாலைகளைப் பார்த்தார், தெருவோரங்களில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மலைத்தார். மூன்று மாதம் கழித்து, 1955 ஜனவரியில், நம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் யு.என். தேபர், முதலமைச்சர் காமராஜர், பந்தல் போட்ட திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். நாட்டின் இலக்கு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு இந்தியப் பொருளாதார வரலாறு எழுதும் எவரும் ஆவடி என்ற பெயரை எழுதாமல் தப்ப முடியாது. சீனப் பயணம்தான் அந்தத் தீர்மானத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நேருவின் மனத்தில் அது இருபது ஆண்டாக ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் பெய்ஜிங்கில் பார்த்த வேகம் அவருக்கு அவசரத்தைக் கொடுத்தது என்று நினைக்க இடம் இருக்கிறது. சூ என்லாய் 1956 டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது நாம் அவருக்கு எதைக் காட்டினோம் தெரியுமா? மாமல்லபுரத்தோடு சேர்த்துப் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையையும் காட்டினோம். விருந்தாளிக்கு அரசுத் தொழிற்சாலை காட்டுவது அந்தக் காலத்து மரியாதை, இரண்டு நாட்டிலும்.

தீர்மானம் போட்ட ஊரிலேயே தீர்மானம் செங்கல்லாகவும் எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ராணுவம் வந்து இறங்கிவிட்ட ஊர்தான் ஆவடி. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது ஹெச்.வி.எப்., அமைந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் விஜயந்தா டாங்கி 1965இல் வெளியே வந்தது. சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கும் ஓ.சி.எப்., பிறகு டாங்கி ஆராய்ச்சிக்குச் சி.வி.ஆர்.டி.இ., எஞ்சின் ஃபேக்டரி, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எப். வளாகம். அம்பத்தூரில் பஸ் ஸ்டாப்புகளுக்கு டன்லப், வாவின், பிரிட்டானியா என்று கம்பெனிப் பெயர் இருக்கும். ஆவடிப் பக்கம் வந்தால் ஹெச்.வி.எப்., ஓ.சி.எப்., செக்போஸ்ட் என்று மாறிவிடும். மின்சார ரயிலில் ஏறினால் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்றே ஒரு ஸ்டேஷன்.

நான் ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். காலையில் எங்களை எழுப்பியது ஃபேக்டரிச் சங்கு. வீடு அரசுடையது, சுவரில் அடிக்கும் வெள்ளையின் நிறம்கூட எஸ்டேட் ஆபீஸ் முடிவு. பள்ளிக்கூடம் எஸ்டேட்டுக்குள், அதில் ஒன்றுக்கு டாங்கியின் பெயரே, விஜயந்தா. காய்ச்சல் வந்தால் ஃபேக்டரி ஆஸ்பத்திரி. பலசரக்குக்குக் கூட்டுறவு ஸ்டோர், கல்யாணத்துக்குக் கம்யூனிட்டி ஹால், ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ரிக்ரியேஷன் கிளப். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை அவர் சம்பள விகிதம் தீர்மானித்தது, டைப் ஒன்றில் இருப்பவர் டைப் மூன்று பக்கம் சும்மா போகமாட்டார். தன் பிரிவில் என்ன ஓடுகிறது என்பதை அப்பா வீட்டில் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற சில மாதத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும். முப்பது வருஷம் ஊற்றி வளர்த்த முருங்கையை விட்டுவிட்டு அண்ணனூரிலோ திருமுல்லைவாயலிலோ பி.எப். பணத்தில் வாங்கிய அரை கிரவுண்டுக்குப் போகவேண்டும்.

இப்போது சீனத்தின் வேலை அமைப்புகளைப் பற்றி வெளிநாட்டார் எழுதியதைப் படியுங்கள். டான்வே என்று அவர்கள் சொல்லும் அந்த அமைப்பில் வேலை கொடுத்த அலகே வீடு கொடுத்தது, மருத்துவமனை கொடுத்தது, குழந்தைக் காப்பகம் நடத்தியது, தானியக் கூப்பன் தந்தது. அந்தக் கூப்பன் 1955இல் வந்து 1993 வரை இருந்தது. ஆவடிக்காரன் இதைப் படித்தால் அதிர்ச்சி அடையமாட்டான், "அட, நம்ம எஸ்டேட்" என்பான். அமெரிக்காவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ போனவர்களுக்கு மூச்சு முட்டிய இடத்தில் நமக்குப் பழகிய வாசனை அடிக்கும். ஆகவேதான் சீனாவைப் பற்றி மேற்கத்தியர் எழுதியதை அப்படியே கடன் வாங்குவதில் எனக்குத் தயக்கம். குளிர்காலத்தில் வடசீனத்தில் அரசு கொதிநீர்க் குழாயைத் திறக்கும் தேதி வரும்வரை வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள், பெய்ஜிங்கில் அது நவம்பர் 15 என்று ஒருவர் ஆச்சரியமாக எழுதுவார். கார்ப்பரேஷன் தண்ணீர் விடும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்த நமக்கு அதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் படித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் பழக்க வாசனை நின்றுவிடும். சீனத்தில் கல்யாணம் பதிய வேண்டுமென்றால் வேலை அலகிடமிருந்து கடிதம் வேண்டியிருந்தது. அந்த விதி 2003இல்தான் எடுக்கப்பட்டது. 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்களில் அலகின் அதிகாரிகளும் இருந்தார்கள், தெருக் குடியிருப்போர் குழுப் பெண்களும் இருந்தார்கள். அதே அலகுக்குள் தொழிற்சங்கமும் உண்டு. ஆனால் அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கீழ் வராத சங்கத்துக்கு அங்கே சட்டப்படி இடமில்லை. 1975, 1978 அரசியல் சட்டங்களில் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982 சட்டத்தில் காணாமல் போயிற்று. வீடு கொடுத்தவரும், அந்த வீட்டைப் பற்றிப் புகார் கேட்பவரும், புகார் சொன்னவனுக்காகப் பேசவேண்டியவரும் ஒரே ஆள்.

எங்கள் எஸ்டேட்டில் அப்படி இல்லை. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே முதலாளி, அதுவும் பாதுகாப்பு அமைச்சகம். ஆனால் கேட்டுக்கு வெளியே மூன்று கொடிகள் பறந்தன. செங்கொடி ஒன்று, ஐ.என்.டி.யூ.சி. ஒன்று, பின்னால் வந்த பி.எம்.எஸ். ஒன்று. கேட் மீட்டிங் நடக்கும் மாலைகளில் அதிகாரிகளின் ஜாதகமே மைக்கில் வாசிக்கப்படும். ஒர்க்ஸ் கமிட்டித் தேர்தல் வந்தால் பொதுத் தேர்தலைவிடச் சூடு. ரேஷன் எடை குறைந்தாலும் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டில் சீனியாரிட்டி மீறினாலும் மனு எழுதிக் கொடுக்க ஒருவர் இருந்தார். அந்த மனுக்கள் எல்லாம் நியாயமானவை என்று சொல்லமாட்டேன். சங்கத் தலைவர்களில் சிலர் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வேலை வாங்கினார்கள், அதையும் நான் பார்த்திருக்கிறேன். நடுவில் நிற்பவர் நல்லவராக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அரசின் ஆளாக இல்லாமல் இருந்தால் போதும். நான் இந்த மாலை முழுக்கச் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கு உதாரணம்.

முதல் உதாரணம் மிகக் கொடியது. 1956இல் சீனக் கூட்டுறவுப் பண்ணைகளைப் பார்த்துவர இந்தியாவிலிருந்து இரண்டு குழுக்கள் போயின. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவு விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. உடனே உள்ளேயிருந்து சரண் சிங் எதிர்த்தார், வெளியே ராஜாஜி கிளம்பினார். அதே ஆண்டு சென்னையில் அவருடைய சுதந்திராக் கட்சி பிறந்தது. லைசென்ஸ் பர்மிட் ராஜ் என்று அவர் வைத்த பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜாஜியின் பொருளாதாரத்தை நான் ஏற்பவன் இல்லை. ஆனாலும் அந்த எண்பது வயதுக் கிழவர் பத்திரிகையில் வாராவாரம் எழுதிக்கொண்டே இருந்தார், யாரும் தடுக்கவில்லை, நாக்பூர்த் தீர்மானம் காகிதத்திலேயே செத்தது. அதே 1959இல் சீனத்தில் பெரும் பாய்ச்சல் என்ற அரசின் அவசர உற்பத்தித் திட்டத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் பதவி இழந்தார். கிராமத்திலிருந்து மேலே போன விளைச்சல் கணக்குகள் பொய்யாகப் பெருத்தன, அந்தப் பொய்யை நம்பித் தானியம் எடுக்கப்பட்டது, கோடிக்கணக்கானோர் பட்டினியில் மடிந்தார்கள். சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு பஞ்சம் நடக்காது என்று அமர்த்திய சென் பிறகு வாதிட்டது இதை வைத்துத்தான். இந்தியாவில் அன்றாடப் பசி வேறு கணக்கு, அதில் நாம் சீனத்திடம் தோற்றோம் என்றும் அவரே சொன்னார்.

அதனால் அங்கே மக்கள் வாய் மூடிக் கிடக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நம் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நிற்பதுபோல் அங்கும் மனு அலுவலகங்கள் உண்டு, பெய்ஜிங் வரை போய் முறையிடுபவர்கள் உண்டு. அவர்களை வழிமறித்துத் திருப்பிக் கொண்டுபோக உள்ளூர் அதிகாரிகள் ஆள் அனுப்புவதும் உண்டு. 2022 நவம்பரில் உரும்சியில் ஓர் அடுக்குமாடித் தீவிபத்தில் மக்கள் இறந்த பிறகு பல நகரங்களில் இளைஞர்கள் கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்து வெற்றுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 7 அன்று, அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பேசினார்கள், பலித்தது. ஆனால் பேசியவர்களில் சிலர் பிறகு பிடிபட்டபோது அவர்களுக்காகக் கேட் மீட்டிங் போட ஒருவரும் இல்லை.

கொரோனாக் காலத்தில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்கள். 2020 தொடக்கத்தில் விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் 2022 ஆகஸ்டு வரை விசா இல்லாமல் திரும்பிப் போக முடியவில்லை. ஆவடியில் பெட்ரூமில் உட்கார்ந்து பிணவறைப் பாடத்தைக் கம்ப்யூட்டரில் படித்தார்கள். அதற்குள் வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்கு இங்குள்ள விதிகளும் மாறின. இரண்டு அரசுக்கு நடுவில் மாட்டிய அந்தப் பிள்ளைகளின் கதையை யாராவது எழுதவேண்டும். அங்கேயே தங்கிவிட்டவர்கள் சொன்னது வேறு: கைபேசியில் வரும் சுகாதாரக் குறியீடு பச்சையாக இருந்தால் கேன்டீன், சிவப்பு வந்தால் அறை. அந்த நிறத்தை யார் தீர்மானித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. 2022 ஜூனில் ஹெனான் மாகாணத்தில் அது தெரிந்தது. கிராம வங்கிகளில் போட்ட பணம் முடங்கியதைக் கேட்கக் கிளம்பிய 1,317 பேருடைய குறியீட்டை, நோயே இல்லாமல், உள்ளூர் அதிகாரிகள் சிவப்பாக்கிவிட்டார்கள். இணையத்தில் கூச்சல் எழுந்தபின் ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

நம் ரேஷன் கடைக்கு வாருங்கள். இங்கே கைரேகை வைத்தால்தான் அரிசி என்று 2020 அக்டோபரில் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது நாற்பது வருஷம் லேத்தில் நின்றவர்களுக்கும் ஃபவுண்டரியில் மண் பிசைந்தவர்களுக்கும் விரல்நுனியில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும். மெஷின் "இல்லை" என்றது. அன்றைக்கு என்ன நடந்தது? வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு பெரியவரின் பேரனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டார், அதுவும் வராதபோது நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அளந்து போட்டார். அந்தக் கடைக்காரர் எடையில் அடிப்பவர் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அவர் ஒரு ஆள், அவரோடு சண்டை போடலாம். அவர் இருக்கும் இடத்தில் தானியங்கி எந்திரம் வந்தால் எடை சரியாக இருக்கும், சண்டைக்கு ஆள் இருக்காது. கான்டன் போய்வந்த நண்பர்கள் சொல்லும் "சட்டுன்னு நடக்குது" என்பதற்கு இந்த விலையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

1958இல் சீனம் கொண்டுவந்த ஹூகோ என்னும் குடும்பப் பதிவு முறையைப் பற்றிப் படிக்காமல் இந்தப் பொருள் முடியாது. கிராமத்தில் பதிந்தவன் நகரத்தில் இருபது வருஷம் கட்டடம் கட்டினாலும் அவன் பிள்ளைக்கு நகரப் பள்ளியில் முழு உரிமை இல்லை. பாஹியான் இங்கே காணாமல் வியந்த அதே பதிவேடு, நவீன உடையில். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளின் ரேஷன் கார்டு ஊரில் இருந்தது, வயிறு இங்கே இருந்தது. 2020 ஊரடங்கில் அது என்ன செய்தது என்பதைப் பார்த்தோம். அவர்களுக்கு இங்கே சங்கமும் இல்லை, கவுன்சிலரும் இல்லை.

நடுவில் யாருமே இல்லாதவர்கள் என்று சொன்னதும் பூந்தமல்லிக்கு வந்துவிட்டேன்.

இதுவரை சீனாவுக்குப் போன வெளிநாட்டாரைப் பற்றிப் பேசினோம். நம் அரசை வெளிநாட்டார் எப்படிப் பார்த்தார்கள் என்று யாரிடம் கேட்பது? சுற்றுலாப் பயணிகளிடமும் டாங்கி சொல்லிக்கொடுக்க வந்த எஞ்சினியர்களிடமும் இல்லை, அவர்களுக்கு நாம் விருந்து கொடுத்தோம். 1983 ஜூலைக்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களிடம் கேட்கவேண்டும். நம் மொழி பேசுகிறார்கள், நம் சாமியைக் கும்பிடுகிறார்கள், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டார். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் நிலைமை இறுகியது. அந்த வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியில்தான் இருந்தது, 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று சொன்னது அங்கேதான். அதே ஊரில் சிறப்பு முகாம் ஒன்றும் இருந்தது. வழக்கில் ஜாமீன் கிடைத்தவரையும், தண்டனை முடிந்தவரையும், சந்தேகத்துக்கு உள்ளானவரையும் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டார் சட்டத்தின்கீழ் ஓர் அரசு உத்தரவில் அங்கே வைக்க முடிந்தது. சிறை என்று பெயர் இல்லாததால் விடுதலைத் தேதியும் இருக்கவில்லை. உள்ளே உண்ணாவிரதம் இருந்த செய்தி அவ்வப்போது பத்திரிகையில் நாலு வரியாக வரும்.

ஈழ அகதிகளின் சாதாரண முகாம்களின் கதை இவ்வளவு கொடியதில்லை. அதனாலேயே நம் பொருளுக்கு அது அதிகம் பொருந்துகிறது. பத்துக்குப் பத்து அறை, மாதப் பணக்கொடை, இலவச அரிசி, குறிப்பிட்ட நாளில் குடும்பம் முழுக்க வந்து தலை காட்டவேண்டிய செக்கிங். வெளியூர் போக வருவாய் ஆய்வாளரிடம் சொல்லவேண்டும், உளவுப் போலீசான க்யூ பிராஞ்சுக்குத் தெரியவேண்டும். பெண் பார்க்க வருபவர் முகாமுக்குள் ஒரு ராத்திரி தங்கினால் அதற்கும் கேள்வி. நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதியவேண்டும் என்ற சீனச் சட்டத்தைச் சொல்லும்போது எஸ்டேட் நண்பர்கள் குரலைத் தாழ்த்தினார்கள் அல்லவா, புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒரு தலைமுறை அதைவிட நெருக்கமாக அரசோடு குடித்தனம் செய்திருக்கிறது. நாம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனோம்.

அவர்களுக்கு நடுவில் யார் நின்றார்கள்? ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் பள்ளிக்கூடம், நிவாரணம் என்று முடிந்ததைச் செய்தது. கட்சிகள் மேடையில் பேசின, முகாமில் ஓட்டு இல்லை என்பதால் உள்ளே அதிகம் வரவில்லை. 2021 ஆகஸ்டில் அகதி முகாம் என்ற பெயர்ப்பலகை மாறி மறுவாழ்வு முகாம் ஆயிற்று, புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டன. கடைசியில் நடுவில் வந்து உருப்படியாக நின்றது நீதிமன்றம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2024 ஏப்ரலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்த 1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்தவர்களுக்கு இந்த வழி திறக்காது. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

நடுவில் நிற்பவர்கள் என்றைக்கும் இருப்பார்கள் என்று நாமும் உறங்கிவிட முடியாது. 2019 ஆகஸ்டில் நாடு முழுவதும் 41 பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் ஒரு மாத வேலைநிறுத்தம் அறிவித்தார்கள், ஆவடியும் நின்றது, சில நாளில் பேச்சுவார்த்தைக்குப் பின் தள்ளிவைத்தார்கள். 2021 ஜூன் கடைசியில் அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்க அவசரச் சட்டம் வந்தது, ஆகஸ்டில் அது சட்டமாயிற்று. அக்டோபர் 1 அன்று அந்த 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தன. ஹெச்.வி.எப். இப்போது ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் கம்பெனியின் ஓர் அலகு, அதன் தலைமையகம் ஆவடியிலேயே. கூட்டம் முடிந்து போகும்போது கேட் பக்கம் பாருங்கள், கொடிக்கம்பங்கள் இன்னும் இருக்கின்றன. கேட் மீட்டிங்குக்கு வரும் இளம் தொழிலாளர்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியாளர், எத்தனை பேர் கான்ட்ராக்ட் என்பதை இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சங்கத்துக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கேள்வி நேரத்தில் அவர்களே முதலில் பேசவேண்டும் என்று கூட்டத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.